பழைய லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு: எந்த இடத்தில் மாட்டியதோ அங்கிருந்து பாருங்கள்

"அண்ணாச்சி, விண்டோஸ் நகரவே மாட்டேங்கு, செல்போன்ல இருக்கிற மாதிரி ஆண்ட்ராய்டு போட்டுத் தாங்க" என்று பீரோ மேலே கிடந்த லேப்டாப்பை இறக்கித் துடைத்துக் கொண்டு வருகிறவர்கள் திருநெல்வேலிப் பக்கம் குறைந்தபாடில்லை. 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவைதான் அதில் நிறைய. மிச்சம், மெட்ராஸிலிருந்து மச்சான் கொடுத்துவிட்டதும் செகண்ட்ஹேண்டில் வாங்கியதும். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப ஒரே கோளாறுகள்தான் வருகின்றன. உங்கள் மெஷின் எங்கே நிற்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாத வழி முதலில், செலவு வைப்பது கடைசியில்.

அதற்கு முன் இரண்டு விஷயம். ஹார்டு டிஸ்கில் காதுகுத்துப் போட்டோ, பத்திர ஸ்கேன் என்று எது இருந்தாலும் முதலில் வெளியே எடுத்து வையுங்கள், எடுக்காமல் கை வைக்கவே கூடாது. இரண்டாவது, ஆண்ட்ராய்டின் ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டால் செய்வதற்கான ஒரே பெரிய ஃபைல்) இறக்கி, விண்டோஸில் ஓடும் ரூஃபஸ் என்ற ஆப்பால் பென்டிரைவில் எழுத வேண்டும். அந்தப் பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்க லைவ் என்று ஒரு வரி மெனுவில் இருக்கும், அதில் படம், வைஃபை, சத்தம் மூன்றையும் பாருங்கள். லைவில் ஓடாதது டிஸ்கில் போட்டால் மட்டும் ஓடிவிடாது.

எதைப் போடுவது? லேப்டாப்புக்கென்று மாற்றிய ஆண்ட்ராய்டு பல பெயரில் உண்டு. 2 ஜிபி ராம் உள்ள மெஷினுக்கு 2020ல் வந்த ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 9.0-ஆர்2 போதும். பழசுதான், ஆனால் தகராறு குறைவு. 4 ஜிபியும் ஓரளவு புதிய பிராசஸரும் இருந்தால் பிளிஸ் ஓஎஸ். பிரைம் ஓஎஸ் நம் நாட்டுத் தயாரிப்பு, பழைய மெஷினுக்கென்று கிளாசிக் பதிப்பு உண்டு. ரீமிக்ஸ் ஓஎஸ் பக்கம் போகாதீர்கள், 2017லேயே கைவிட்டுவிட்டார்கள்.

பென்டிரைவ் இருப்பதே மெஷினுக்குத் தெரியவில்லை

விண்டோஸ் நேராக ஏறிவிடுகிறது, அல்லது பூட் மெனுவில் (எதிலிருந்து ஏறுவது என்று கேட்கும் பட்டியல்) பென்டிரைவ் பெயர் இல்லை. பத்தில் எட்டுப் பேர் நிற்பது இங்கேதான்.

முதலில் சரியான கீயைத்தான் அழுத்துகிறீர்களா பாருங்கள். டெல், லெனோவாவுக்கு எஃப்12, எச்பிக்கு எஸ்கேப் அடித்து அப்புறம் எஃப்9, ஆசஸுக்கு எஸ்கேப். லெனோவா சில மாடலில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், மெஷின் அணைந்திருக்கும்போது அதற்குள் குத்தினால் மெனு வரும். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் அது பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் மெஷினின் அமைப்புத் திரை) அணைத்தே வந்திருக்கும். எஃப்2 அழுத்தி உள்ளே போய் எஃப்12 பூட் மெனு என்ற வரியை ஆன் செய்தால்தான் வேலை செய்யும்.

கீ சரி, ஆனாலும் விண்டோஸ்தான் வருகிறது என்றால் விண்டோஸ் முழுதாக அணையவில்லை. ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள்.

மெனு வருகிறது, பென்டிரைவ் மட்டும் இல்லை என்றால் நீல நிற யுஎஸ்பி ஓட்டையிலிருந்து கறுப்புக்கு மாற்றிச் சொருகுங்கள். அதற்கும் வரவில்லையா, தனக்குத் தெரியாத ஓஎஸ்ஸை ஏறவிடாத செக்யூர் பூட்டைப் பயாஸில் அணையுங்கள். ஏசரில் அந்த வரி மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தால்தான் திறக்கும், வைத்து, அணைத்து, வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்து, அப்புறம் பாஸ்வேர்டும் மறந்தால் அது வேறு கதை.

அடுத்தது ரூஃபஸில் எழுதிய விதம். 2012க்கு முந்திய மெஷின் என்றால் எம்பிஆர், பயாஸ் என்று தேர்ந்தெடுத்து எழுதுங்கள். புதியதற்கு ஜிபிடி, யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்தது). எழுதும்போது ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும், ஒன்று சரிவராவிட்டால் மற்றது.

சின்ன 10 அங்குல, 11 அங்குல மெஷின்களில், முக்கியமாக இன்டெலின் ஆட்டம் இசட்3735எஃப் சில்லு உள்ளவற்றில், ஒரு வம்பு உண்டு. பிராசஸர் 64 பிட், ஆனால் உள்ளே இருக்கும் யுஇஎஃப்ஐ 32 பிட். பென்டிரைவைத் திறந்து இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டரில் ஐஏ32 என்று முடியும் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அந்த ஐஎஸ்ஓ இந்த மெஷினில் ஏறாது, வேறு ஐஎஸ்ஓ தேடுங்கள்.

பயாஸுக்குள் நுழையவே பாஸ்வேர்டு கேட்கிறது, அது யாருக்கும் தெரியாது என்றால் நிறுத்திவிடுங்கள். பழைய மாடல் சிலவற்றில் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும், பலவற்றில் போகாது, சில்லையே எடுத்து எழுத வேண்டும். அது போர்டு வேலை செய்கிற கடைக்காரர் வேலை.

புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டே இருக்கிறது

கறுப்புத் திரையில் ஆண்ட்ராய்டைத் தேடுகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் பின்னால் புள்ளிகள் நீண்டுகொண்டே போகும். ஒரு நிமிஷம் பொறுக்கலாம், அதற்கு மேல் காத்திருந்து பிரயோஜனம் இல்லை. பென்டிரைவிலோ டிஸ்கிலோ இருக்கும் சிஸ்டம் ஃபைல் அதன் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

பென்டிரைவை வேறு ஓட்டையில் மாற்றுங்கள், யுஎஸ்பி ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேரடியாகச் சொருகுங்கள். அப்புறம் இறக்கிய ஐஎஸ்ஓ முழுசாக இருக்கிறதா பாருங்கள். செல்போன் டேட்டாவில், சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில் இருந்து இறக்கினால் பாதியில் அறுந்த ஃபைல் முழு ஃபைல் மாதிரியே உட்கார்ந்திருக்கும். இறக்கும் பக்கத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப் பாருங்கள், ரூஃபஸிலேயே அந்த எண்ணைக் காட்டும் பொத்தான் உண்டு. பென்டிரைவே போலியாக இருப்பதும் நடக்கிறது. 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 கூட இருக்காது.

பென்டிரைவில் ஓடி, டிஸ்கில் போட்ட பிறகு மட்டும் புள்ளி வந்தால் பயாஸில் டிஸ்க் எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். ரெய்டு என்றோ ஆர்எஸ்டி என்றோ இருந்தால் ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். விண்டோஸும் கூட இருந்தால் இதை மாற்றியதும் அது நீலத்திரை காட்டும். அதனால் முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் ஏறும்படி வைத்துவிட்டு, மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றி இறக்குங்கள்.

டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மேற்கொண்டு எதுவும் எழுதாதீர்கள். உள்ளே வேண்டிய ஃபைல் இருந்தால் அப்படியே அணைத்து டேட்டா மீட்கிறவரிடம் கொடுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் ஹார்டு டிஸ்குக்குப் பதில் புது எஸ்எஸ்டி போடுங்கள்.

திரை கறுப்பாகிவிட்டது, அல்லது மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது

இது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் தகராறு. மெனுவில் வெசா என்று ஒரு வரி இருந்தால் அதில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் லைவ் வரியின் மேல் நின்றுகொண்டு ஆங்கில ஈ எழுத்தை அழுத்துங்கள், பழைய பயாஸ் மெனு என்றால் டேப் கீ. கர்னல் என்று தொடங்கும் வரி, சிலதில் லினக்ஸ் என்று தொடங்கும், அதன் கடைசியில் ஒரு இடம் விட்டு நோமோட்செட் (nomodeset), இன்னொரு இடம் விட்டு எக்ஸ்ஃபோர்ஸ்வெசா (xforcevesa) என்று இரண்டு சொல்லையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், உள்ளே இடைவெளி விடாமல் அடித்து ஏற்றுங்கள்.

இப்போது படம் வந்துவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் குற்றவாளி. ஆனால் துள்ள வேண்டாம். இந்த முறையில் எல்லாப் படத்தையும் பிராசஸரே வரைகிறது, வீடியோ திக்கும், விரல் வைத்துத் தள்ளினால் பக்கம் தாமதமாக வரும். இதிலேயே வைத்துக்கொள்ளாமல் ஆண்ட்ராய்டு-எக்ஸ்86இன் 8.1 அல்லது 7.1 பதிப்பைச் சாதாரண முறையில் ஏற்றிப் பாருங்கள், பழைய சில்லுக்குப் பழைய பதிப்பு சில நேரம் ஒத்துப்போகும். என்விடியா தனி கார்டு உள்ள மெஷினில் பயாஸில் அதை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிட்டு இன்டெலிலேயே ஓட்டுங்கள்.

ஆட்டம் என்2600, என்2800 போட்ட குட்டி நெட்புக் வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அவற்றின் கிராஃபிக்ஸ் உள்ளே பவர்விஆர் என்ற வேறு கம்பெனிச் சரக்கு, வெளியே இன்டெல் பெயர். லினக்ஸ் கர்னலில் அதற்கு உருப்படியான 3டி டிரைவர் வந்ததே இல்லை, ஆண்ட்ராய்டு ஓடுவதும் லினக்ஸ் கர்னல் மேல்தான். எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் இது தீராது, தீர்த்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொரு சின்ன சோதனை. திரை கறுப்பாக இருக்கும்போது டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பின்வெளிச்சம்தான் இல்லை. பிரைட்னஸ் கீயை ஏற்றிப் பாருங்கள். விண்டோஸிலும் அப்படியே இருட்டு என்றால் டிஸ்பிளே கேபிளோ பேனலோ போயிருக்கிறது, கடைக்குத்தான்.

லோகோ வந்து அங்கேயே நிற்கிறது, அல்லது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது

முதல்முறை ஏறும்போது பழைய ஹார்டு டிஸ்கில் பத்து நிமிஷம் வரை லோகோ ஆடிக்கொண்டிருப்பது சகஜம். டீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்கும் மேல் போனால்தான் கோளாறு.

லோகோ வரும் முன்பே, அல்லது வந்ததும் பொத்தென்று ரீஸ்டார்ட் ஆனால் பிராசஸரைப் பாருங்கள். பிளிஸ் ஓஎஸ்ஸின் புதிய பதிப்புகளுக்கு எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி பிராசஸரில் இருக்க வேண்டும். கோர் 2 டுவோவில் அது கிடையாது, ஏஎம்டி ஈ-350, ஈ-450இலும் கிடையாது, ஆட்டம் என்270, என்450இலும் கிடையாது. இந்த மெஷின்களுக்கு ஆண்ட்ராய்டு-எக்ஸ்86இன் 32 பிட் ஐஎஸ்ஓ எடுங்கள்.

பிராசஸர் பரவாயில்லை என்றால் எந்த ஃபார்மட்டில் போட்டீர்கள்? விண்டோஸ் பார்ட்டிஷனிலேயே (டிஸ்கில் பிரித்த பகுதி), அதன் ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ்ஸில் போட்டவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். விண்டோஸ் அரைத்தூக்கத்தில் போயிருந்தால் அந்தப் பார்ட்டிஷனில் எழுத முடியாது, ஆண்ட்ராய்டு தன் டேட்டாவை வைக்க இடமில்லாமல் சுற்றும். தனியாக ஒரு பார்ட்டிஷன், குறைந்தது 16 ஜிபி, இஎக்ஸ்டி4 ஃபார்மட். பார்ட்டிஷனை ஜிபார்ட்டெட் மாதிரி டிஸ்க் பிரிக்கும் கருவி ஒன்றில் முன்னாடியே பிரித்து வையுங்கள். இன்ஸ்டாலருக்குள் இருக்கும் பார்ட்டிஷன் கருவியில் அவசரப்பட்டு எண்டர் தட்டி முழு டிஸ்கும் போனவர்கள் உண்டு.

இன்ஸ்டால் ஆகும்போது கரண்ட் போயிருந்தாலும் இதே அறிகுறிதான். ஆனி ஆடிக் காற்றில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும், பேட்டரி செத்த லேப்டாப்பை நேரடியாகப் பிளக்கில் வைத்துக்கொண்டு அந்த நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள். பாதியில் நின்றதை ஒட்டுப்போட முடியாது, பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மட் செய்து முதலிலிருந்து போடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் திடீரென்று லோகோவில் நின்றால் டேட்டா நிரம்பியிருக்கலாம். வாட்ஸப் வீடியோ போதும் நிரப்புவதற்கு. டீபக் மோடில் ஏறித் தேவையில்லாததை அழிக்கப் பார்க்கலாம், அது தெரியாதவர்களுக்கு மறுபடி போடுவதே சுலபம்.

போட்டு முடித்தேன், விண்டோஸைக் காணோம்

பதற வேண்டாம். பெரும்பாலும் விண்டோஸ் அங்கேதான் இருக்கும், பூட் வரிசைதான் மாறியிருக்கும். யுஇஎஃப்ஐ மெஷினில் பூட் மெனுவுக்குப் போனால் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று தனியாக நிற்கும், பயாஸில் அதை மேலே ஏற்றுங்கள். பழைய பயாஸ் மெஷினில் கிரப் மெனுவில் (ஆண்ட்ராய்டா விண்டோஸா என்று கேட்கும் பட்டியல்) விண்டோஸ் வரி இல்லாவிட்டால் விண்டோஸ் டிஸ்கைப் போட்டு ரிப்பேர் கொடுங்கள். இன்ஸ்டாலில் கிரப் போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இதற்கு எதிர்ப்பக்கம் நடக்கும், விண்டோஸ் இருக்கும், ஆண்ட்ராய்டு வராது. மறுபடி இன்ஸ்டாலருக்குள் போய் ஃபார்மட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கிரப்புக்கு மட்டும் சரி கொடுங்கள்.

பூட் மெனுவிலும் இல்லை, பார்ட்டிஷன் பட்டியலிலும் இல்லை என்றால் தவறான இடத்தில் எழுதிவிட்டீர்கள். அந்த டிஸ்கில் இனி எதையும் எழுதாமல் மீட்பவரிடம் கொடுங்கள்.

வைஃபை ஆன் ஆகவில்லை

பக்கவாட்டில் வைஃபைக்கென்று தள்ளுகிற சுவிட்ச் இருக்கிறதா, இல்லை கீபோர்டில் விமானப் படம் போட்ட கீயா, அதை முதலில் பாருங்கள். விண்டோஸில் அணைத்து வைத்தது இங்கேயும் அணைந்தே இருக்கலாம். அடுத்து கார்டு என்ன என்று பாருங்கள். பிராட்காம் கம்பெனிக் கார்டு என்றால் ஃபர்ம்வேர் என்று கார்டை ஓட்டும் தனி ஃபைல் கேட்கும், அதைத் தேடி உள்ளே வைத்து ஓட்டுவதற்கு ஆகும் நேரத்துக்கு ஏஆர்9271 சில்லு போட்ட யுஎஸ்பி வைஃபை குச்சி ஒன்றை வாங்கிச் சொருகிவிடலாம். கடையில் கேட்கும்போது சில்லுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், எல்லாக் குச்சியும் ஒன்றுதான் என்பார்கள், அப்படி இல்லை. கேபிள் போடும் வசதி இருந்தால் அதைச் சொருகினாலும் நெட் வரும்.

கூகுள் கணக்குக்குள் போக முடியவில்லை, பிளே ஸ்டோர் திறக்கவில்லை

தேதியைப் பாருங்கள். வருஷம் 2010 என்றோ 2012 என்றோ காட்டினால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது, கூகுள் மட்டும் எப்படித் திறக்கும்? கையால் தேதியைத் திருத்தினால் அப்போதைக்கு ஓடும், அணைத்து ஏற்றினால் பழைய நிலை. வாட்ச் கடையிலேயே கிடைக்கிற வில்லைதான், ஆனால் சில லேப்டாப்பில் ஒயர் வைத்துச் சுற்றிய மாதிரி வரும், கழற்றும் முன் பார்த்து வாங்குங்கள்.

ஆரம்ப அமைப்புப் பக்கத்திலேயே அப்டேட் பார்க்கிறேன் என்று சுற்றிக்கொண்டிருந்தால் பின்னால் வந்து வைஃபை கொடுக்காமல் தாண்டிப் போங்கள், கணக்கை உள்ளே போய்ச் சேர்க்கலாம். கருவிக்குச் சான்று இல்லை என்று பிளே ஸ்டோர் சொன்னால், அதற்கென்றே கூகுள் வைத்திருக்கும் பக்கத்தில் உங்கள் கருவியின் அடையாள எண்ணைப் பதியலாம், பதிந்த பிறகு கொஞ்ச நேரம் விட்டு முயலுங்கள்.

சில ஆப் மட்டும் மூடிக்கொள்கிறது

செல்போன் ஆப் நிறைய ஏஆர்எம் சில்லுக்கு எழுதியவை, லேப்டாப்பில் இருப்பது வேறு இனம். செட்டிங்ஸில் ஆப் பொருத்தம் என்ற பகுதியில், அந்த ஆப்பை இந்தச் சில்லுக்கு மாற்றி ஓட்டும் நேட்டிவ் பிரிட்ஜை ஆன் செய்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படியும் மூடினால் விட்டுவிடுங்கள்.

பேங்க் ஆப், யுபிஐ ஆப் இதில் ஓட வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலிலேயே இல்லை என்று சொல்லிவிடுவேன். சிம் இல்லை, சான்று இல்லை. குறுக்கு வழியில் ஓட வைக்கலாம் என்று வீடியோ போடுவார்கள், உங்கள் பணம், பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் இல்லை

சத்தம் எச்டிஎம்ஐ பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஹெட்போனைச் சொருகி எடுத்துப் பாருங்கள். ஆட்டம் இசட் வகை மெஷின் என்றால் இதற்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம், மலிவான யுஎஸ்பி சவுண்ட் கார்டோ புளூடூத் ஸ்பீக்கரோ போதும்.

மூடித் திறந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது

பழைய மெஷினில் தூக்கமும் ஆண்ட்ராய்டும் ஒத்துப்போவது அபூர்வம். பவர் பொத்தானை ஒருதரம் லேசாகத் தட்டுங்கள், அதற்கு எழுந்தால் சரி. எழாவிட்டால் டெவலப்பர் ஆப்ஷனில் சார்ஜில் இருக்கும்போது விழித்திருக்கும்படி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் முழுதாக அணைக்கும் பழக்கத்துக்கு வாருங்கள். பிள்ளைகள் டப்பென்று மூடிவிட்டுப் போகும் வீடு என்றால் தூங்கவிடாத ஆப் ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

ஓடுகிறது, ஆனால் ஊர்கிறது. அல்லது சூடாகித் தானாக அணைகிறது

யூடியூபில் திக்கினால் 480பிக்கு இறக்குங்கள். புதிய வகை வீடியோவைப் பிரிக்கும் தனி வசதி பழைய சில்லில் கிடையாது, எல்லாவற்றையும் பிராசஸர் சுமக்கிறது. பின்னணியில் அப்டேட் ஓடுகிறதா பாருங்கள், முதல் நாள் முழுக்க அது ஓடும்.

அப்புறம் சூடு. விசிறி வாயில் கை வைத்துப் பாருங்கள், காற்றே வராமல் உடம்பு மட்டும் கொதித்தால் உள்ளே அடைப்பு. திறந்தால் விசிறிக்கும் தாமிரத் தகடுக்கும் நடுவே தூசி பஞ்சுமெத்தை மாதிரி ஒரே பட்டையாக உரிந்து வரும், ரோட்டோரக் கடையில் இருந்த மெஷின் என்றால் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். ஸ்குரூ திறக்கத் தெரிந்தவர்கள் விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷால் எடுக்கலாம். தெர்மல் பேஸ்ட் மாற்றிப் பழக்கமில்லை என்றால் தகட்டைக் கழற்றாதீர்கள், அதைக் கடையில் கொடுங்கள்.

செலவு செய்வதாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அப்புறம்தான் ராம். 120 ஜிபி போதும், ஹார்டு டிஸ்கிலிருந்து மாறினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ராம் வாங்கும்போது டிடிஆர்3 என்று மட்டும் சொன்னால் போதாது. 1.35 வோல்ட் மட்டும் ஏற்கும் மெஷினில் 1.5 வோல்ட் துண்டு போட்டால் ஏறாது, உள்ளே இருக்கும் துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். இரண்டும் சேர்ந்து மெஷினின் செகண்ட்ஹேண்ட் விலையைத் தாண்டுகிறது என்றால் வேண்டாம். யூடியூபும் பிரவுசரும் மட்டும்தான் தேவை என்றால் இலகுவான லினக்ஸ் ஒன்று இதே மெஷினில் ஆண்ட்ராய்டைவிட நன்றாக ஓடும். குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்று சொல்வார்கள், அது 4 ஜிபி ராம் கேட்கும், ஆண்ட்ராய்டு ஆப்பும் அதில் வராது.

டச்பேட் மேலெழும்பி, அடிமூடி பிதுங்கி, லேப்டாப் மேஜையில் ஆடுகிறது என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். பேட்டரி ஊதியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், நீங்களே நெம்பி எடுக்கப் பார்க்காதீர்கள். அணைத்து அப்படியே சர்வீஸ் கடைக்குக் கொண்டு போங்கள், ஆண்ட்ராய்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.